பாலும் பிணைப்பும்: இரப்பரின் வரலாறு கற்பிக்கும் வேதியியல் பாடம்

முன்னுரை

மொழியியலைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் வேதியியல் பொருளொன்றைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கூறித் தொடங்குவதே முறையாகும்.

நன்னூலார் சொற்களை வகைப்படுத்தும்போது பொதுமொழி என ஒன்றைக் கூறுகிறார். ‘எட்டு’ என்பது ஓர் எண்ணின் பெயர். அதே ஒலிகளை ‘எள்’, ‘து’ எனப் பிரித்துக் கண்டால் எள்ளை உண் என்னும் வேறு பொருள் கிடைக்கிறது. ‘தாமரை’ ஒரு மலர். ‘தா’, ‘மரை’ எனப் பிரித்தால் தாவும் மான். எழுத்துகளில் ஒன்றும் கூடவில்லை, குறையவுமில்லை. அவை எவ்விடத்தில் எவ்வாறு சேர்கின்றன என்பதுதான் பொருளை மாற்றிற்று.

இயற்கையில் இதற்கு ஒத்த நிலை உண்டு. ஒரே வகை அணுக்கள், ஒரே விகிதத்தில், வேறுவேறு முறையில் பிணைந்து வேறுவேறு பொருள்களாகின்றன. ஒன்று குழைகிறது, ஒன்று கல்போல் இறுகுகிறது, மற்றொன்று இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறது. இதனை விளக்க நம் பாடநூல்கள் வைரத்தையும் பென்சிற்கரியையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். அவை நல்ல எடுத்துக்காட்டுகளே. ஆயினும் இம்மண்ணில் வாழும் தமிழர்க்கு அவற்றினும் நெருக்கமான பொருள் ஒன்று உண்டு. அது நம் முன்னோர் விடியுமுன் எழுந்து மரத்தில் கீறி எடுத்த பால். அப்பாலின் வரலாற்றைப் பிணைப்பு என்னும் ஒரே நோக்கில் சொல்வதே இவ்வுரையின் கருத்து.

1. பெயர்கள் சொன்னவையும் சொல்லாதவையும்

ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர், பெயரிட்டவர் அதன் எந்தப் பக்கத்தைக் கண்டார் என்பதைக் காட்டும். தென்னமெரிக்கப் பழங்குடி மொழியொன்றின் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி ‘கௌச்சுக்’ என்னும் பெயரைப் பெற்றது. 1736 இல் லா கொந்தமீன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இன்றைய எக்குவடோர் நாட்டிலிருந்து இப்பொருளின் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். 1770 இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் எழுத்தை இது தேய்த்து அழிக்கிறது என்று எழுதினார். தேய்ப்பது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே ‘இரப்பர்’ எனப் பெயராக நிலைத்தது. மலாய் மொழியில் ‘கெத்தா’ என்பது மரத்திலிருந்து வடியும் பிசினையும் குறிக்கும், இரப்பரையும் குறிக்கும். தமிழரோ ‘பால்’ என்றனர். ஆலிலும் அத்தியிலும் எருக்கிலும் கள்ளியிலும் பால் கண்டு பழகியவர்களுக்குப் புதிய மரம் ‘பால்மரம்’ ஆனது. தோட்டம் ‘பால்மரக்காடு’ ஆனது.

பிறந்த இடம், செய்யும் வேலை, கண்ணுக்குப் புலப்படும் தோற்றம் ஆகியவற்றை இப்பெயர்கள் சொல்லின. உள்ளமைப்பை எந்தப் பெயரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் இயலாது. அவ்வமைப்பை அறிய மாந்தர்க்கு 1930கள் வரை காலம் தேவைப்பட்டது.

2. கோடையில் இளகிய பொருள்

நடு அமெரிக்காவின் தொல்குடிகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மரப்பாலால் பந்து செய்து விளையாடினர். ஒருவகைக் கொடியின் சாற்றைப் பாலுடன் கலந்து அதனைப் பதப்படுத்தினர் என்பதை 1999 இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கிற்று. ஆனால் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இப்பொருளைக் கையிலெடுத்தபோது அந்தக் கைப்பக்குவம் உடன் வரவில்லை.

1823 இல் ஸ்காத்லாந்தின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ், இரப்பரை நாப்தா என்னும் எண்ணெயில் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே பூசி நீர்புகா ஆடை செய்தார். 1830களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரப்பர்க் காலணிகளும் ஆடைகளும் செய்யும் ஆலைகள் தோன்றின. கோடை வந்ததும் அப்பொருள்கள் இளகி ஒட்டி நாற்றமெடுத்தன. குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. வாங்கியோர் திருப்பிக் கொடுத்தனர், ஆலைகள் மூடப்பட்டன.

இக்குறையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் உழன்றவர் சார்ல்ஸ் குட்இயர். அவர் பயின்ற வேதியியலர் அல்லர். கடனுக்காகப் பலமுறை சிறை சென்ற வணிகர். 1839 இல், கந்தகம் கலந்த இரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல்போல் பதமடைந்ததைக் கண்டார். அதனைச் செம்மைப்படுத்தி 1844 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குள் அவருடைய மாதிரிகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் கைக்குச் சென்றிருந்தன. ஹான்காக் தம் முயற்சியால் அம்முறையைக் கண்டறிந்து 1843 நவம்பரிலேயே ஆங்கிலக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். தீயும் கந்தகமும் சேர்வதால், உரோமரின் நெருப்புக் கடவுளான வல்கனின் பெயரை ஹான்காக்கின் நண்பர் ஒருவர் இம்முறைக்குச் சூட்டினார். தமிழில் நாம் இதனைக் ‘கந்தகமேற்றல்’ என்போம். குட்இயர் 1860 இல் பெருங்கடனுடன் மறைந்தார்.

இங்கு ஒரு செய்தியைக் கருதவேண்டும். மென்மையான இரப்பருக்கு நூறு பங்கில் ஏறத்தாழ இரண்டு மூன்று பங்கு கந்தகமே போதும். அதே கந்தகத்தை முப்பது பங்கும் அதற்கு மேலும் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கருங்காலி மரம்போல் இறுகிய ‘எபோனைட்’ கிடைக்கும். பழைய மைப்பேனாக்களின் உடலும் மின்கலப் பெட்டிகளும் அதனால் செய்யப்பட்டன. சேர்த்த பொருள் ஒன்றே. சேர்ந்த அளவுதான் வேறு. குழைவு, மீள்மை, கடினம் என மூன்று தன்மைகள் ஒரே மரப்பாலிலிருந்து பிறந்தன. இது ஏன் என்று குட்இயருக்கும் தெரியாது, ஹான்காக்கிற்கும் தெரியாது.

3. சிங்கப்பூர் கண்ட மற்றொரு பால்

இதே ஆண்டுகளில் நம் பகுதியிலிருந்து வேறொரு மரப்பால் உலகச் சந்தைக்குப் புறப்பட்டது. மலாய் மக்கள் ‘கெத்தா பெர்ச்சா’ என்று வழங்கிய அதனை ஐரோப்பியர் ‘கட்டாபெர்ச்சா’ என்றனர். வெந்நீரில் இட்டால் மாவுபோல் குழையும். விரும்பிய வடிவில் பிடித்துவைத்து ஆறவிட்டால் மரம்போல் இறுகும். மலாய் உழவர் பாராங் கத்திக்கு அதனால் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதனைக் கண்டு 1843 இல் இலண்டனுக்கு மாதிரிகள் அனுப்பினார்.

கட்டாபெர்ச்சா நீரை உட்கொள்வதில்லை, மின்சாரத்தையும் கடத்துவதில்லை. கடலடியின் குளிரில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். 1847 இல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் தந்திக் கம்பிகளுக்கு அதனை உறையாக்கினார். 1851 இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடிக் கம்பியும், 1866 இல் அட்லாந்திக் பெருங்கடலைக் கடந்த கம்பியும் இந்த உறையையே அணிந்திருந்தன. 1871 அளவில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களும் அத்தகைய கம்பியால் இணைந்தன. கப்பலில் பல நாள் சென்ற செய்தி சில மணி நேரத்தில் சென்றது. அதற்கு இம்மண்ணின் மரங்கள் கொடுத்த விலை பெரிது. பாலுக்காக அவற்றை வெட்டிச் சாய்த்தனர். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் அருகிப்போயிற்று.

இனி வேதியியலுக்கு வருவோம். 1826 இல் மைக்கேல் ஃபாரடே இரப்பரைப் பகுத்தாய்ந்தார். அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன. ஐந்து கார்பன் அணுக்களுக்கு எட்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்னும் விகிதத்தில் உள்ளன என்று கண்டார். 1860 இல் கிரெவில் வில்லியம்ஸ் இரப்பரைச் சூடாக்கி வடித்து, அதே விகிதம் கொண்ட எளிய நீர்மம் ஒன்றைப் பிரித்து, ‘ஐசோபிரீன்’ எனப் பெயரிட்டார். கட்டாபெர்ச்சாவையும் அவ்வாறே சூடாக்கி வடித்தார். அதிலிருந்தும் ஐசோபிரீனே வந்தது.

ஓர் ஆசிரியர் இவ்விடத்தில் சற்று நின்று மாணவரை வினவலாம். இரண்டும் ஒரே அணுக்களால் ஆனவை, விகிதம் ஒன்று, அலகும் ஒன்று. பின் ஏன் ஒன்று இழுத்தால் நீள்கிறது, மற்றொன்று கத்திப் பிடியாகிறது?

4. விதைகளின் பயணமும் கைகளின் கல்வியும்

விடை ஆய்வுக்கூடத்தில் காத்திருந்த காலத்தில், மரம் கடல் கடந்தது. 1876 இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888 இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். 1896 இல் மலாக்காவில் டான் சே யான் தோட்ட அளவில் இரப்பரைப் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகியது. சக்கரங்கள் இரப்பரைக் கேட்டன. 1920 அளவில் உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

அத்தோட்டங்களின் உழைப்பாளர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். கங்காணி கொடுத்த முன்பணத்தோடும் 1907 முதல் தமிழர் குடியேற்ற நிதியின் உதவியோடும் கடல் கடந்தவர்கள் அவர்கள். ‘பிணை’ என்னும் சொல் கட்டுதலையும் குறிக்கும்; ஈடு நிற்றலையும் குறிக்கும். முன்பணக் கடனில் பிணைந்து வந்த அம்மக்களின் கையில்தான் உலகின் இரப்பரில் ஒரு பெரும்பகுதி முதலில் வடிவம் பெற்றது.

அவர்கள் செய்த வேலையை வேதியியல் கண்ணோடு பார்ப்போம். விடியுமுன் மரம் வெட்டினர். அப்பொழுது மரத்தின் திசுக்களில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். பட்டையைச் சீவினர், ஆனால் உள்ளிருக்கும் வளர்திசுவைத் தொடவில்லை. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவினது. வடிந்த பாலை ‘மங்கு’ ஏந்தியது. கிண்ணம் என்னும் பொருளுடைய ‘மங்கோக்’ என்ற மலாய்ச் சொல் தோட்டத் தமிழில் பெற்ற வடிவம் அது. மங்கில் உறைந்தது கட்டிப்பால். வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியது கோட்டுப்பால். இவ்வாறு உறைந்த நிலைகளுக்குத் தனித்தனிச் சொல் வழங்கினர். ஒரு தொழில் தன் பொருளை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறது என்பதற்கு அதன் சொற்களே சான்று.

பால் என்பது நீரில் மிதக்கும் நுண்துளிகளின் கூட்டம். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரப்பர். ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை சூழ்ந்துள்ளது. அவ்வுறை எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துளிகள் சேராமல் மிதக்கின்றன. ஆலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றியபோது அம்மின்னேற்றம் சமன்பட்டது, விலக்கம் நீங்கியது, துளிகள் ஒன்றுகூடிப் பால் உறைந்தது. உறையாமல் நீர்மமாகவே அனுப்ப வேண்டுமாயின் அம்மோனியா சேர்த்தனர். உறைந்ததை உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்தினர்.

அமிலம் கூடினாலும் குறைந்தாலும் தகடு கெடும் என்பதைத் தொழிலாளி கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். காரணம் எழுதப்பட்ட நூல் அவருக்கு எட்டவில்லை. அவர் செய்தது வேதியியலே. அதனை வேதியியல் என்று அவரிடம் சொன்னவர் இல்லை.

5. திரளா, சங்கிலியா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பரின் உள்ளமைப்புப் பற்றி ஐரோப்பாவில் பெருவிவாதம் எழுந்தது. ஜெர்மனியின் கார்ல் ஹாரீஸ் ஓசோனைக் கொண்டு இரப்பரைச் சிதைத்து ஆராய்ந்தார். ஐசோபிரீன் அலகுகள் சிறு வளையங்களாகச் சேர்ந்துள்ளன. இரட்டைப் பிணைப்புகளில் மீந்திருக்கும் ஈர்ப்பினால் அவ்வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகியுள்ளன என்று கருதினார். அன்றைய அறிஞர் பலருக்கு இது ஏற்புடையதாக இருந்தது. சில ஆயிரம் அணுக்கள் உண்மையான வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டு ஒரே மூலக்கூறாக நிற்கும் என்பதை நம்பப் பலர் ஆயத்தமாக இல்லை.

1916 இல் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ், இரு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்று விளக்கினார். இன்று பாடநூல்கள் சகப்பிணைப்பு என வழங்குவது இதுவே. 1920 இல் சூரிச்சில் பணியாற்றிய ஹெர்மன் ஸ்டௌடிங்கர், இரப்பரின் மூலக்கூறு அத்தகைய இயல்பான பிணைப்புகளாலேயே கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி என்று எழுதினார். கருத்தோடு நிற்காமல் சோதனையும் செய்தார். ஹாரீஸ் கூறியது மெய்யாயின், இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டால் ஒட்டுவதற்கான ஈர்ப்பு மறையும், திரள் கலையும், எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் மிஞ்சும். 1922 இல் அவர் அவ்வாறே ஹைட்ரஜனேற்றினார். திரள் கலையவில்லை. மிஞ்சியது இரப்பரைப்போலவே வடிக்க இயலாத பெருமூலக்கூற்றுப் பொருளே. பெருமூலக்கூறு என்னும் கருத்தும் சொல்லும் அவ்வாண்டே வேதியியலில் நுழைந்தன.

அறிவுலகம் உடனே இசையவில்லை. மூத்த அறிஞர் பலர் மறுத்தனர். அவருடைய பணிக்கு நோபெல் பரிசு கிடைத்தது 1953 இல்; அப்பொழுது அவருக்கு வயது 72. மாணவர்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். நாம் ஒரே வரியில் மனப்பாடம் செய்யும் ‘இரப்பர் ஒரு பலபடி’ என்னும் செய்தி, முப்பதாண்டு வழக்கின் தீர்ப்பு.

6. அமைப்பும் தன்மையும்

சங்கிலி என்று தெளிந்தபின், கட்டாபெர்ச்சாப் புதிரும் அவிழ்ந்தது. பலகையொன்றை ஒரே ஆணியால் சுவரில் அறைந்தால் அது சுழலும். இரண்டு ஆணிகளால் அறைந்தால் சுழலாது. கார்பன் அணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு முதல் பலகையைப் போன்றது. இரட்டைப் பிணைப்பு இரண்டாவதைப் போன்றது. ஐசோபிரீன் அலகு ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சங்கிலி அதன் ஒரு பக்கமாக உள்ளே வந்து அதே பக்கமாக வெளியேறலாம்; அல்லது ஒரு பக்கம் வந்து எதிர்ப்பக்கம் வெளியேறலாம். முன்னதை ஒருபக்க அமைப்பு என்றும் பின்னதை மாறுபக்க அமைப்பு என்றும் கூறுவோம். இரட்டைப் பிணைப்பு சுழலாததால் ஒன்று மற்றொன்றாகத் தானே மாறாது.

பால்மரம் தன் சங்கிலியின் ஏறக்குறைய எல்லா அலகுகளையும் ஒருபக்க அமைப்பில் கோக்கிறது. கட்டாபெர்ச்சா மரம் மாறுபக்க அமைப்பில் கோக்கிறது. மாறுபக்கச் சங்கிலி நேராக நீளும், அடுக்கிய விறகுபோல் பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கிப் படியும், படிகமாகி இறுகும். வெந்நீரின் வெப்பம் அவ்வடுக்கைக் குலைத்தால் குழையும். ஆறினால் மீண்டும் அடுக்கும். ஒருபக்கச் சங்கிலியோ வளைந்து நெளிந்து கிடப்பதால் எளிதில் அடுக்க இயலாது. சாதாரண வெப்பநிலையில் அது ஓயாமல் அசைந்து சுருண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் குழைவு.

சங்கிலிகள் தனித்தனியாக இருக்கும்வரை, இழுத்தால் ஒன்றையொன்று வழுக்கிச் செல்லும். கோடையில் குட்இயர் காலத்துக் காலணிகள் இளகியது இதனால்தான். கந்தகமேற்றும்போது கந்தக அணுக்கள், ஒன்றாகவோ சிலவாகவோ சேர்ந்து, ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே குறுக்குப்பாலம் அமைக்கின்றன. நூற்குவியல் வலையாகிறது. மென்மையான இரப்பரில் ஏறத்தாழ நூறு அலகுகளுக்கு ஒரு முடிச்சு. முடிச்சுகளுக்கிடையே சங்கிலி நீளலாம். முடிச்சு வழுக்குவதைத் தடுக்கும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். முடிச்சுகள் மிகவும் நெருங்கினால் சங்கிலி அசைய இடமில்லை, அதுவே எபோனைட்.

மீள்வதற்கான விசை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கும் அமைப்பே விடை. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த, கண்பார்வை இழந்த ஜான் கஃப் என்னும் அறிஞர், இரப்பரை விரைந்து இழுத்தால் அது சூடாகிறது என்றும், எடை கட்டித் தொங்கவிட்ட இரப்பரைச் சூடாக்கினால் சுருங்குகிறது என்றும் 1805 இல் வெளியிட்டார். உலோகக் கம்பி சூட்டில் நீளும், இரப்பர் சுருங்குகிறது. 1930களில் வெர்னர் குன், ஹெர்மன் மார்க் முதலியோர் காரணம் கூறினர். இழுக்கும்போது பிணைப்புகள் நீளவில்லை. சுருண்டிருந்த சங்கிலிகள் நிமிர்கின்றன. சுருண்டு கிடப்பதற்கு எண்ணற்ற வழிகள் உண்டு. நிமிர்ந்து நிற்கச் சில வழிகளே உண்டு. வெப்பத்தின் ஓயாத அசைவு சங்கிலியை மீண்டும் சுருள வைக்கிறது. வெப்பம் கூடினால் அவ்வசைவும் கூடும், சுருக்கமும் கூடும்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அகலமான இரப்பர்ப் பட்டை ஒன்றை உதட்டில் வைத்து விரைந்து இழுக்கச் சொல்லுங்கள். மாணவர் வெதுவெதுப்பை உணர்வர். இழுத்த நிலையில் சற்று வைத்திருந்து, பின் சுருங்கவிட்டு உடனே உதட்டில் வைத்தால் குளிர்ச்சியை உணர்வர். சங்கிலிகள் நிமிர்வதையும் சுருள்வதையும் தோலால் அறியும் வழி அது.

7. முடிச்சு எங்கே இடப்பட்டது?

வரலாற்றுக்குத் திரும்புவோம். மலாயாவிலிருந்து கப்பலேறிய புகைத்தகடு முடிச்சிடப்படாத சங்கிலிகளின் குவியல். கந்தக முடிச்சு அமெரிக்காவின் ஏக்ரனிலும் இங்கிலாந்தின் ஆலைகளிலும் இடப்பட்டது. பண்டத்தின் பெறுமதி அந்த முடிச்சோடுதான் பன்மடங்கு உயர்ந்தது. முடிச்சுக்கு முன்னுள்ள பொருளை விற்றவர்கள் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு ஆட்பட்டனர். 1910 இல் விலை உச்சம் தொட்டது. 1930களின் தொடக்கத்தில் அடிமட்டத்திற்கு வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தகடு செய்த கைகளுக்கு அப்பொருளின் அறிவிலும் பங்கில்லை. அதன் ஆதாயத்திலும் உரிய பங்கில்லை.

அறிவை மண்ணோடு சேர்க்கும் முயற்சி மெல்ல நிகழ்ந்தது. 1925 இல் மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் தோன்றியது. 1938 இல் உற்பத்தியாளரிடம் திரட்டிய தீர்வைப் பணத்தில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வமைப்பு நிறுவப்பட்டது. இரப்பர் மீள்மையின் இயற்பியல் பற்றிய அடிப்படை ஆய்வுகள் பல அங்கு நடந்தன. அதாவது, பாடநூல்களில் நாம் படிக்கும் அறிவின் ஒரு பகுதிக்குப் பொருள் வழங்கியது மலாயாத் தோட்டங்களின் விளைச்சலே.

1942 இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது, அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பெருமளவில் உருவாக்கியது. ஆயினும் பால்மரத்தின் ஒருபக்க அமைப்பை வேதியியலர் ஆலையில் படைக்க 1950கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அலகை அறிந்திருந்தனர், அதை ஒரே பக்கமாகக் கோக்கும் கலை மரத்திடம் இருந்தது. இன்றும் வானூர்திச் சக்கரங்களுக்கு இயற்கை இரப்பரே வேண்டப்படுகிறது. இழுவிசை மிகும்போது அதன் ஒழுங்கான சங்கிலிகள் தாமே படிகமாகிக் கிழிசலைத் தடுக்கின்றன.

விடுதலைக்குப் பின் நிலை மாறிற்று. 1965 இல் மலேசியா, தகடுகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய வழக்கை விடுத்து, அளந்தறியும் தன்மைகளைக் கொண்டு தரம் வகுத்தது. பின்னர் அதன் ஆய்வாளர்கள் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகள் சிலவற்றில் ஆக்சிஜனைச் சேர்த்து, எண்ணெயில் எளிதில் ஊறாத புதிய இரப்பரை உருவாக்கினர். மருத்துவக் கையுறை செய்வதில் மலேசியா உலகில் முதன்மை பெற்றது. பீங்கான் கைவடிவங்கள் இரப்பர்ப் பாலில் தோய்ந்து, கந்தக முடிச்சோடு கையுறையாகி வெளிவரும் ஆலைகள் இன்று இங்கேயே உள்ளன. முன்னாளில் பெரும்பாலும் கடல் கடந்து சென்று கிடைத்த முடிச்சு அது.

அம்முடிச்சு ஒரு சுமையையும் விட்டுச் சென்றுள்ளது. கந்தகப் பாலங்கள் வலுவான வேதிப்பிணைப்புகள். அவற்றை மட்டும் அவிழ்த்துச் சங்கிலியைக் காப்பது எளிதன்று. எனவே தேய்ந்த சக்கரத்தை நெகிழியைப்போல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. நீடித்து உழைக்கும் தன்மையும் மக்காமல் கிடக்கும் தன்மையும் ஒரே பிணைப்பின் இரு விளைவுகள். இன்றைய மாணவருள் யாரேனும் ஒருவர் தீர்க்கவேண்டிய சிக்கல் இது.

நிறைவுரை

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன. மங்கு, கட்டிப்பால், கோட்டுப்பால் ஆகிய சொற்களை அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அச்சொற்களோடு அவற்றில் அடங்கிய தொழிலறிவும் மறையும் நிலை உள்ளது. இதற்குச் செய்யத்தக்க எளிய பணி ஒன்று உண்டு. பிணைப்பு என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளில், ஆசிரியர் மாணவரிடம் ஒரு வீட்டுப்பணி கொடுக்கலாம். மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உறவினரோ அண்டை அயலாரோ இருப்பின், பால் உறைவது எப்படி, அமிலம் எவ்வளவு ஊற்றினர், மழை பெய்தால் என்ன செய்தனர், உறைந்த பால்வகைகளின் பெயர் யாவை எனக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். மறுநாள் அவ்விடைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மின்னேற்றம், சங்கிலி, இரட்டைப் பிணைப்பு, குறுக்குப்பாலம் என்னும் கலைச்சொற்களை எழுதலாம்.

அவ்வாறு எழுதும்போது தமிழாசிரியருக்குச் சில சொற்கள் கிடைக்கும். அறிவியலாசிரியருக்குச் சில எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். மாணவருக்கு, தம் குடும்பத்தார் செய்த வேலைக்கு அறிவியலில் பெயர் உண்டு என்பது தெரியவரும். நெடுங்காலம் தனித்தனியே கிடந்த இந்த இருவகை அறிவும் நம் வகுப்பறைகளில் ஒன்றோடொன்று சேரவேண்டும் என்பதே என் விழைவு.